அடி ஒழிப்புப் பிரிவு

"எத்தனை அடி?"

ஏட்டு அவளிடம் கேட்டது இவ்வளவுதான். பேனாவைத் திறந்து, தாளை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடையில் விலை விசாரிப்பதுபோலக் கேட்டார். வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். அவளுக்கு எண் தெரியவில்லை. கீழுதடு கிழிந்து, இடது கண் மூடி, முழங்கை புடைத்துப்போய் நின்றிருந்தாள்.

"எண்ணலைங்க," என்றாள்.

பெரிய சலவைக்கூடம் ஒன்றில் படுக்கை விரிப்புகளை மடிப்பது அவள் வேலை. அங்கே அவளுக்கு மடிப்பு என்றே பெயர். பேச வேண்டியதையும் மடித்து உள்ளே வைத்துவிடுகிற சுபாவம். அவளுக்கும் சேர்த்துப் பேச அக்கா ஒருத்தி இருந்தாள். ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு வந்ததும் அவள்தான்.

"எண்ணி வாங்கறதுக்கு அது என்ன முட்டையா சார்?" என்றாள் அக்கா. "ஒண்ணு உடைஞ்சா மாத்திக் குடுப்பாங்களா?"

"ஒரு உத்தேசமாவது சொல்லுங்கம்மா. எழுதணும்ல."

"மொத அடி ஞாபகம் இருக்கு," என்றாள் மடிப்பு. "கதவைத் திறந்ததும் விழுந்துச்சு. அப்புறம் அடி அடின்னு அடிச்சாரு."

'அடி அடி என்று அடித்தார்' என்று எழுதி முடித்த ஏட்டு, அடுப்பைத் தொட்டவர் மாதிரி கையை உதறினார். நாற்காலியோடு திரும்பி, சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்தார். 'மீட்டர் பேசுவோம், மேன்மை பெறுவோம். அடி, அங்குலம், கஜம், மைல், பவுண்டு ஆகியவற்றை எழுதுவதும் சொல்வதும் குற்றம்.'

"ஒரே வரியில மூணு தடவை எழுதிட்டேனே," என்றார். "ரிட்டையர் ஆகற நேரத்துல என்னை இப்படி மாட்டி விட்டுட்டியேம்மா."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

நாடு எப்போதோ மீட்டருக்கு மாறிவிட்டது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் சட்டைத் துணியை மீட்டரில் வாங்கி, அதைப் போட்டுக்கொள்கிறவனின் உயரத்தை அடியில் சொன்னார்கள். ரோட்டைக் கிலோமீட்டரில் போட்டு, அதில் ஓடுகிற வண்டியின் டயருக்குப் பவுண்டில் காற்றடித்தார்கள். சுவரை மீட்டரில் கட்டி, அதில் மாட்டுகிற டிவியை அங்குலத்தில் கேட்டார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இதைப் பார்த்துப் பார்த்து அளவைத் துறைக்கு ஒரு நாள் ரோஷம் வந்துவிட்டது. அடி என்ற அளவைப் பூண்டோடு ஒழிப்பதற்கு ஓர் இயக்கம் தொடங்கினார்கள். இயக்கத்துக்கு 'அடிக்கு அடி' என்று பெயர் வைத்தார்கள். ஓர் அடி சொன்னால் ஓர் அடி. கணக்கில் ஒளிவு மறைவு கிடையாது.

நாலடிப் பலகை கேட்ட தச்சருக்கு நாலு விழுந்தது. ஐந்தாவதாக ஒன்று தவறி விழுந்தபோது, துறையே வருத்தம் தெரிவித்து அதை அவருடைய அடுத்த குற்றத்தில் கழித்துக்கொள்வதாகச் சொன்னது. 'அடிப்படைக் கணிதம்' என்று பாடத்தை ஆரம்பித்த வாத்தியாருக்கு முன்பல் போனது. ஒரு கொத்தனார் சாரத்தின் மேலிருந்து, "பத்தடி தள்ளி நில்லுங்க, கல்லு விழுது!" என்று கத்தினார். கீழே நின்ற ஆய்வாளர் நகரவில்லை. பத்து என்று குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோது கல் வந்து அவர் காலை நசுக்கியது. மூன்று மீட்டர் என்று எச்சரித்திருந்தால் ஆய்வாளர் நகர்ந்திருப்பார் என்று விசாரணையில் தெரியவந்ததால், கொத்தனாரின் இரண்டு கையையும் உடைத்தார்கள்.

"இது எங்க சமாச்சாரம் இல்லம்மா," என்றார் ஏட்டு, தாளை அவர்கள் பக்கம் தள்ளிக்கொண்டே. "அடின்னு வந்துட்டா அது அளவைத் துறை. அங்க போங்க."

"சார், இவ புருஷன் இவளைக் கொல்லப் பாக்கறான்," என்றாள் அக்கா. "ஸ்டேஷன் வரைக்கும் வந்தது தெரிஞ்சா இன்னைக்கே கதை முடிஞ்சிடும். அவனை இவகிட்டேருந்து தள்ளி வைங்க. அதைத்தான் கேக்கறோம்."

"தள்ளின்னா தூரம். தூரமும் அங்கதான்."

அளவைத் துறைக்கு ஒரே கட்டடம், இரண்டு பக்கம். வலது பக்கம் மீட்டர் பிரிவு. இடது பக்கம் அடி ஒழிப்புப் பிரிவு. நடுவில் ஒரு நடைவழி. அதன் நீளம் என்ன என்பதில் இரண்டு பிரிவுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததால் அதை யாரும் பெருக்குவதில்லை.

அடி ஒழிப்பு அதிகாரி வயதானவர். மேசைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் பித்தளைக் கஜக்கோல் ஒன்றைப் பட்டுத்துணியில் படுக்க வைத்திருந்தார். மடிப்பின் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"உடம்புல விழுந்த அடியா! உக்காரும்மா, உக்காரு. இத்தனை வருஷமா பேப்பர்ல இருக்கிற அடிதான் எங்களுக்கு வந்துட்டிருந்துச்சு. நேர்ல வர்றது இதான் மொத தடவை."

"சார், இவ இன்னைக்கு வீட்டுக்குப் போக முடியாது," என்று ஆரம்பித்தாள் அக்கா.

"எங்க கஷ்டத்தையும் கேளும்மா. அடியை ஒழிக்கத்தான் எங்களை வெச்சிருக்காங்க. அது ஒழிஞ்சுட்டா எங்களை எங்க வைப்பாங்க? அதனால வருஷத்துக்குக் கொஞ்சமா ஒழிப்போம். மிச்சத்தைப் பத்திரமா பாத்துப்போம். போன வருஷம் ரொம்பக் குறைஞ்சு போச்சு. பிரிவையே மூடிடுவாங்களோன்னு நாங்க எல்லாரும் சரியா சாப்பிடக்கூட இல்லை. நல்ல நேரத்துல வந்தே." அவளுடைய மூடிய கண்ணை அன்போடு பார்த்தார். "இன்னும் இருக்காம்மா, வேற எங்கயாவது?"

இடது பக்கத்துக்கு ஓர் அடி வந்திருக்கிறது என்ற செய்தி நடைவழியைத் தாண்டி வலது பக்கம் போய்விட்டது. மீட்டர் பிரிவு இயக்குநர் வேகமாக உள்ளே வந்தார். கையில் எஃகு மீட்டர்கோல். தூங்கும்போதும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார் என்று பேச்சு.

"இந்த மனுவை ஏற்க முடியாது," என்றார். "அம்மா, அடி என்பது சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது. இல்லாத ஒன்றை உங்களுக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது. ஆகவே நீங்கள் அடி வாங்கவில்லை. உங்களுக்கு என் வாழ்த்துகள்."

மடிப்பு உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ரத்தம் ஒட்டியது. ஒருவேளை இது வேறு எதுவோ என்று ஒரு நிமிஷம் அவளுக்கே தோன்றிவிட்டது.

"அடியே, வாயைத் திறந்து சொல்லேன்டி!" என்று அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

இரண்டு அதிகாரிகளும் விறைத்தார்கள்.

"அந்த வார்த்தையை இங்கே சொல்லக்கூடாது," என்றார் இயக்குநர்.

"எந்த வார்த்தை?"

"இப்போது கூப்பிட்டீர்களே."

"என் தங்கச்சியை அடியேன்னு கூப்பிடாம பின்ன மீட்டரேன்னா கூப்பிடுவேன்?"

இயக்குநர் யோசித்தார். அவர் நியாயமான மனிதர். "முப்பது புள்ளி நாலு எட்டு சென்டிமீட்டரே என்று கூப்பிடுங்கள். அதற்குத் தடை இல்லை."

அடி இருக்கிறதா இல்லையா என்று அரைமணி நேரம் வாதாடிவிட்டு, அடி இல்லாவிட்டாலும் வீக்கம் இருக்கிறது, வீக்கத்தை அளக்கலாம் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். டேப்புக்காரரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பிரிவுக்கும் அவர் ஒருவர்தான். அவருடைய டேப்பில் ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் அங்குலம். எந்த அதிகாரி எதிரில் நிற்கிறாரோ அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொள்வார். வேலையில் அவர் நிலைத்ததே அப்படித்தான்.

அவள் முதுகில், டயர் கழற்றுகிற இரும்பு லீவர் பதிந்த கோடு ஒன்று இருந்தது. டேப்பின் தகரம் சில்லென்று அதன்மேல் விழுந்தபோது அவள் பல்லைக் கடித்தாள். புண்ணிலிருந்து கசிந்தது டேப்பில் பட்டது.

"துடைய்யா," என்றார் இயக்குநர். "மில்லிமீட்டர் மறையுது பார்."

"எண்பத்தொன்பது மில்லிமீட்டர் சார்," என்றார் டேப்புக்காரர் வலது பக்கம் பார்த்து. டேப்பைத் திருப்பி, இடது பக்கம் பார்த்து, "மூணரை அங்குலம் சார்," என்றார்.

"எண்பத்தொன்பதே இருக்கட்டும்," என்றாள் அக்கா அவசரமாக. "மூணரைன்னா கொசு கடிச்ச மாதிரி இருக்கு."

"அதுதாம்மா அங்குலத்தோட மனிதாபிமானம்," என்றார் ஒழிப்பு அதிகாரி. "எவ்வளவு பெரிய காயமா இருந்தாலும் ஒரு கை விரல்ல அடங்கிடும். எங்க காலத்துல யாராவது எண்பது தொண்ணூறுன்னு காயப்பட்டதுண்டா? மீட்டர் வந்துதான் ஜனங்களுக்கு ரொம்ப வலிக்க ஆரம்பிச்சுது."

இயக்குநருக்கு முகம் சிவந்தது. "மீட்டரில் கருணை இல்லை என்று யார் சொன்னது? புள்ளியை நகர்த்தினால் போதும். இதே காயம் மீட்டரில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு ஒன்பது. கிலோமீட்டரில் சொன்னால் வரிசையாகப் பூஜ்யம்தான். காயம் எங்கே என்று தேட வேண்டும். உங்களால் முடியுமா? பன்னிரண்டால் வகுத்து, மூன்றால் வகுத்து, ஆயிரத்து எழுநூற்று அறுபதால் வகுத்து மைல் ஆக்குவதற்குள் இந்த அம்மா செத்துப்போய்விடுவார்கள். எங்களுக்கு ஒரே ஒரு புள்ளி. காயம் காணாமல் போய்விடும். இதற்குத்தான் நாடு முன்னேற வேண்டும் என்று நாங்கள் சொல்வது."

"காயம் இருந்துட்டுப் போகட்டும் சார்," என்றாள் மடிப்பு. "அவரு என் பக்கத்துல வராம இருந்தா போதும்."

அந்தக் கட்டடத்துக்கு வந்தபிறகு அவள் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. தூரம் என்று வந்துவிட்டதால், தூரத்தின் மறுமுனையையும் விசாரிக்க வேண்டும் என்று ஆளனுப்பினார்கள்.

அவள் புருஷன், டயர்க்காரன், வந்தான். லாரிச் சக்கரங்களைக் கழற்றி மாட்டி உரமேறிய கை, நகக்கண் எல்லாம் கறுப்பு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பசு மாதிரி நின்றான். அதிகாரிகளுக்கு அவனைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"சார், புருஷன் பொண்டாட்டிக்குள்ள லேசா ஒரு தட்டு. இந்த அக்காதான் ஊதிப் பெருசாக்கிட்டாங்க."

"நான் ஊதறேனா? காத்தடிக்கறது உன் தொழில்டா!"

"தட்டு என்பது அளவை இல்லையே," என்றார் இயக்குநர். "எவ்வளவு அழுத்தம்?"

"கார் டயரைத் தட்டிப் பாப்போம்ல, அந்த மாதிரிதான் சார். நல்லா முப்பது பவுண்டு காத்து இருந்தா ஒரு சத்தம் வரும். இருபது பவுண்டுன்னா..."

டேப்புக்காரர் டேப்பைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"என்ன சொன்னே?" என்றார் இயக்குநர்.

"காத்து சார். பவுண்டு..."

மனைவியைப் பாதி குருடாக்கியதற்கு அதுவரை அவனுக்கு ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கிடைத்திருந்தன. பவுண்டு என்று சொன்னதும் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார்கள். முப்பதும் இருபதும் கூட்டினால் ஐம்பது, கடைசியாகத் தனியாகச் சொன்னது ஒன்று, ஆக ஐம்பத்தொன்று என்று டேப்புக்காரர் கணக்குச் சொன்னார். ஒழிப்பு அதிகாரி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கஜக்கோலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே எடுத்தார்.

பித்தளை அவன் தோள்பட்டையில் இறங்கியபோது மணி அடித்தது மாதிரி சத்தம் வந்தது. இரண்டாவது, காது மேல். மூன்றாவதில் அவன் முட்டி போட்டான்.

மடிப்பு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பக்கத்தில் அக்கா, "போடுங்க சார், அப்படிப் போடுங்க!" என்று துள்ளினாள். மடிப்புக்குச் சந்தோஷம் வரவில்லை. இங்கே அவன்மேல் விழுகிற ஒவ்வொன்றும் வட்டியோடு வீட்டுக்கு வந்து சேரும் என்பது அவளுக்குத் தெரியும்.

"நிறுத்துங்கள்!" என்றார் இயக்குநர். "ஒழிக்கப்பட்ட கோலால் கொடுத்த தண்டனை செல்லாது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மீட்டர்கோலை வீசினார். டயர்க்காரனின் புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

"எது வலிக்குது?" என்று கேட்டார் ஒழிப்பு அதிகாரி. "பயப்படாம சொல்லு. இதா, அதா?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார்!" என்று அலறினான் டயர்க்காரன்.

அந்தத் துறையின் சரித்திரத்திலேயே அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

"ஒண்ணா?" என்றார் இயக்குநர். "மீட்டர் அதைவிட மூன்றேகால் அங்குலத்துக்கு மேலேயே அதிகம். அது உன் முதுகுக்குத் தெரியவில்லையா?" கோபத்தில் தானே அங்குலம் என்று சொல்லிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. ஒழிப்பு அதிகாரி கவனித்தார். கவனித்த உடனே கடமையைச் செய்தார். கஜக்கோல் இயக்குநரின் மூக்கில் பட்டு, மூக்கு இருந்த இடத்தை விட்டு நகர்ந்தது.

"எவ்வளவு நகர்ந்திருக்கு பார்!" என்று டேப்புக்காரரிடம் கத்திக்கொண்டே இயக்குநர் மீட்டர்கோலை இரண்டு கையாலும் ஓங்கினார்.

சத்தம் கேட்டு இரண்டு பக்கத்து ஊழியர்களும் ஓடிவந்தார்கள். விலக்கிவிட வந்தவர்கள் மாதிரிதான் முதலில் தெரிந்தது. யாரோ இடது பக்கத்திலிருந்து ஒரு பவுண்டு எடைக்கல்லை எறிந்தார்கள். பதிலுக்கு வலது பக்கத்திலிருந்து ஒரு கிலோ வந்தது. கிலோ என்பது இரண்டு பவுண்டுக்கும் மேல் என்பதை அதுவரை புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த எழுத்தர் ஒருவர் அன்று தாடையால் தெரிந்துகொண்டார். ஒரு கேலன் அளவுத் தகர டப்பாவை ஒருவர் தலையில் கவிழ்த்து மேலே ஏறி உட்கார்ந்தார்கள்; "நாலரை லிட்டர்! நாலரை லிட்டர்!" என்று உள்ளேயிருந்து அவர் கொள்கை விடாமல் கத்தினார். ஒரு கை மணிக்கட்டுக்கு மேல் தப்பான திசையில் தொங்கியது. தரையில் கிடந்த பற்கள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவை என்று பிற்பாடு பெரிய வழக்கே நடந்தது.

மடிப்பு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பக்கத்தில் அவன். முகமெல்லாம் ரத்தம். அவள் மணிக்கட்டைப் பிடித்தான். டயரைக் கழற்றுகிற பிடி.

"வீட்டுக்கு வா," என்றான் மெதுவாக. "இதுல ஒண்ணு விடாம உனக்கு எடுத்து வைக்கறேன்."

மேசைக்கு வெளியிலிருந்து அக்காவின் கால் வந்து அவன் விலாவில் உதைத்தது. அவன் பிடியை விடவில்லை.

சாயங்காலம் சமாதானம் ஆயிற்று. நிற்க முடிந்தவர்கள் நின்றார்கள். இயக்குநர் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார். ஒழிப்பு அதிகாரியின் வலது கை கழுத்திலிருந்து தொங்கியது. கைக்குத் தொட்டிலாக அந்தப் பட்டுத்துணியையே கட்டியிருந்தார்கள். இரண்டு பேரும் தோளோடு தோள் சாய்ந்து நின்று ஆணையைப் படித்தார்கள்.

"டயர்க்காரர் தம் மனைவியிடமிருந்து நூறு தூரத்தில் இருக்க வேண்டும்."

அக்கா காத்திருந்தாள். மேற்கொண்டு எதுவும் வரவில்லை.

"நூறு என்ன சார்?"

"நூறு," என்றார் இயக்குநர் மூக்கால். "என்ன நூறு என்பது பரிசீலனையில் இருக்கிறது. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம். ஆனால் நூறு என்பதில் இரண்டு பிரிவுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. இந்தக் கட்டடத்தில் இது முதல் தடவை."

ஊழியர்கள் கை தட்டினார்கள். ஒரு கை மட்டும் இருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள்.

"சார்," என்றான் டயர்க்காரன் பணிவாக, "மேலிடத்துலேருந்து வர்ற வரைக்கும் நானே ஒரு அளவு வெச்சுக்கலாமா?"

"சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்."

"மில்லிமீட்டர் சார்."

இயக்குநரின் கண் கலங்கியது. "இப்படிப்பட்ட ஒரு குடிமகனைத்தான் இவ்வளவு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். காலையில் பவுண்டு என்று சொன்ன அதே வாய்! தண்டனையின் பலனைப் பாருங்கள்."

டயர்க்காரன் வந்து மடிப்பின் எதிரில் நின்றான். டேப்புக்காரர் குனிந்து, அவன் மூக்கு நுனிக்கும் அவள் மூக்கு நுனிக்கும் நடுவே டேப்பைப் பிடித்தார். "நூறு. மயிரிழை பிசகில்லை சார்." ரப்பரும் ரத்தமும் கலந்த வாடை அவள் மூச்சில் ஏறியது. அரைச் சாண்கூட முழுசாக இல்லை.

"அய்யோ சார், அந்த இடைவெளியில அவன் கை போகுமே!" என்று அக்கா அலறினாள்.

"ஆணை உடம்பைப் பற்றியது. கையைப் பற்றித் தனியாக மனு கொடுக்கலாம்," என்றார் இயக்குநர்.

"குறையவும் கூடாது, கூடவும் கூடாதும்மா," என்றார் ஒழிப்பு அதிகாரி மடிப்பிடம். "நீ தள்ளிப் போனாலும் குற்றம்தான். நூறுன்னா நூறு." அவளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று டேப்புக்காரரைக் கூடவே அனுப்பி வைத்தார்கள்.

நாலு பேரும் தெருவில் இறங்கினார்கள். முன்னால் மடிப்பு; அவள் தோளை உரசாத குறையாக டயர்க்காரன்; இருவருக்கும் நடுவே டேப்பை நீட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் டேப்புக்காரர்; பின்னால் அக்கா. கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ரத்தத்தைப் பார்த்தவர்கள் டேப்பையும் பார்த்தார்கள். டேப்பைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அம்மா, கொஞ்சம் மெதுவா நடங்க. நூத்தி இருபது ஆகுது."

டயர்க்காரன் அவள் காதில் பேசிக்கொண்டே வந்தான். வீட்டுக்குப் போனதும் முதலில் எதை எடுப்பான், எங்கே ஆரம்பிப்பான், அக்காவின் முறை எப்போது வரும் என்று ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் சொன்னான். டேப்புக்காரருக்கும் அது கேட்டது. அவர் தர்மசங்கடமாகச் சிரித்தார். "நான் தூரம் மட்டும்தாம்மா பாக்கணும்."

"நீ என் வீட்டுக்கு வாடி," என்றாள் அக்கா பின்னாலிருந்து.

"வரட்டுமே," என்றான் அவன் திரும்பாமல். "நானும் வர்றேன். நூறுல படுத்துக்கறேன். நீயே பாய் போடு அக்கா."

பஸ் நிறுத்தத்தில் கூட்டம். அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது. அதற்குப் பின்னால் வேறொரு பஸ், ஆள் ஏற்றி முடித்து, உறுமிக்கொண்டிருந்தது. மடிப்பு முதல் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தாள். டயர்க்காரனும் வைத்தான். டேப்புக்காரர் டேப்பைச் சரிசெய்யக் குனிந்தார். அவர் தலை இருவருக்கும் நடுவே வந்த அந்த ஒரு கணத்தில், அவள் அவரை முதுகோடு அவன்மேல் தள்ளினாள். பின்னால் ஓடி, நகரத் தொடங்கிவிட்ட மற்ற பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தாவினாள். புடைத்த முழங்கை கம்பியில் இடித்து உயிர் போயிற்று. கதவு சாத்திக்கொண்டது.

அவன் வந்துவிட்டான். கதவின் இடுக்கில் நாலு விரலைச் செருகினான். கதவு அதை நசுக்கியது. ஊளையிட்டுக்கொண்டே விரலை உருவி, மற்ற கையால் பஸ்ஸின் தகரத்தில் குத்திக்கொண்டே ஓடிவந்தான். ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் துள்ளினார்கள். அவள் தடுமாறிப் பின்பக்கக் கண்ணாடிக்குப் போனாள்.

டேப்புக்காரர் டேப்பின் ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தார். வேலை அவருக்கு வேலைதான். "முந்நூறு! எண்ணூறு! அம்மா, நில்லுங்கம்மா!" பிறகு டேப்பைத் திருப்பிப் பார்த்து முகம் தெளிந்தார். "நூறு! நூறு அங்குலம்! சரியா இருக்கு!" பஸ் அதையும் தாண்டியது; டயர்க்காரன் மூச்சிரைத்துப் பின்தங்கிவிட்டான். டேப் தீர்ந்துபோனது. கண்ணளவில் பார்த்துக்கொண்டே ஓடினார். தெருவே கேட்கும்படி, "நூறு அடி!" என்று கத்தினார். தாம் சொன்னது என்ன என்று உறைத்து வாயைப் பொத்திக்கொள்வதற்குள் டயர்க்காரனின் குத்து அந்த வாயிலேயே விழுந்தது. அவர் ரோட்டில் மல்லாந்தார். அவன் அவர் நெஞ்சில் முட்டியை வைத்துக் குத்திக்கொண்டே இருந்தான். டேப்புக்காரர் தலையை மட்டும் திருப்பி, பஸ்ஸைப் பார்த்து, ரத்தத்தைத் துப்பிவிட்டு எதையோ சொன்னார். உதட்டசைவு நூறு என்பது மாதிரிதான் இருந்தது.

அக்கா அவர்களையும் தாண்டி ஓடிவந்தாள். செருப்பு ஒன்று கழன்றுவிட்டது.

"எங்கடி போறே? எந்த ஊர்னாவது சொல்லிட்டுப் போடி!"

பின் ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. சொன்னால் கேட்கும். மடிப்பின் மனதில் ஓர் இடம் இருந்தது. அக்காவுக்கு மட்டும் அதைச் சொல்லத்தான் வாய் திறந்தாள். அக்காவுக்குப் பின்னால் டயர்க்காரன் தலையைத் தூக்கினான். குத்துவதை நிறுத்திவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டான். இப்போது காதில் விழாவிட்டாலும் நாளைக்கு அக்காவின் வீட்டுக்குப் போய்க் கேட்பான். அவன் எப்படிக் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். தெரியாத ஊரின் பெயரை அக்காவிடமிருந்து யாரும் வாங்க முடியாது.

"சொல்லுடி!" என்றாள் அக்கா, ரோட்டின் நடுவே நின்று.

மடிப்பு வாயை மூடிக்கொண்டாள். பஸ் முனையில் திரும்பியது.